ரிட்டர்ன் காலியா வரணும் சார்!

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி, கொஞ்சம் உள்ளடங்கிய நகர் ஒன்றுக்கு ஆட்டோ கேட்டால் டிரைவர் தயங்காமல் ஒரு தொகை சொல்வார். "இவ்ளோ தூரத்துக்கா?" என்று கேட்டால் பதில் ரெடி: "ரிட்டர்ன் காலியா வரணும் சார்." கேட்பவருக்கு எரிச்சல்தான். ஆனால் கணக்கில் தப்பில்லை. (2013-ல் சென்னைக்கு அரசு நிர்ணயித்த 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய் என்ன ஆச்சு என்பது தனிப் பதிவுக்கான விஷயம்!)

அதே ஊரில் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக்காரரின் ஈமெயிலைப் பார்த்து, அப்பாயின்ட்மென்ட் குறித்து, எக்செல் ஷீட் நிரப்பித் தரும் விர்ச்சுவல் அசிஸ்டென்டுக்கு இந்த ஒரு வரி மட்டும் வாயில் வருவதில்லை. "மணிக்கு எவ்வளவு?" என்று கிளையன்ட் கேட்டதும் மனசு டாலரை ரூபாயாக்கி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போகும் அண்ணனின் சம்பளத்தோடு ஒப்பிட்டு, "அட, பரவாயில்லையே" என்கிறது. இந்த ஒப்பீடே தப்பு. அண்ணனுக்கு ஷிஃப்ட் முழுவதற்கும் சம்பளம் உண்டு, பி.எஃப்.பில் கம்பெனியும் தன் பங்கைக் கட்டுகிறது. இங்கே கடிகாரம் ஓடும் நேரத்துக்கு மட்டும்தான் காசு. வேலை தேடுவது, சாட்டில் பேரம் பேசுவது, கரண்ட் போய்க் காத்திருப்பது எல்லாம் காலி ரிட்டர்ன்.

2010-ல் ஃபைவர் தளம் தொடங்கியபோது எந்த வேலையும் 5 டாலர். இன்றும் அது வேலை செய்பவரிடம் 20 சதவீதம் பிடிக்கிறது. 5 டாலரில் கைக்கு வருவது 4. ஒரு மணி நேர வேலைக்கு இன்னொரு மணி நேரம் பேச்சிலேயே போனால், மணிக்கு 2 டாலர். பேங்க் கட்டணம் அதற்கு மேல்.

அடுத்து வரும் பாருங்கள் ஒரு கேள்வி: "இந்தியாவில் செலவு கம்மிதானே?" கம்மிதான். வேப்பம்பட்டில் வீட்டு வாடகை அண்ணா நகரைவிடக் குறைவு. அந்த லாபம் அங்கே குடியிருப்பவருக்குச் சேர வேண்டியது; அதை ஏன் கிளையன்டுக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும்? அவருக்கு மிச்சமாகும் ஒரு மணி நேரம், வேலை செய்பவர் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு மணி நேரம்தானே!

இலவச சாம்பிள் கேட்பவர்கள் இன்னொரு ரகம். ஆட்டோவில் பட்டாபிராம் வரை போய்விட்டு, "நல்லா ஓட்டறீங்க, நாளைக்குச் சொல்றேன்" என்று இறங்கினால் எந்த டிரைவர் விடுவார்?

புதிதாக வருபவருக்கு ரிவ்யூ கிடையாது, கறாராகப் பேச முடியாது என்பது நியாயமான வாதம். முதல் வேலைக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் "முதல் 10 மணி நேரத்துக்கு இந்த ரேட், பிறகு இது" என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பட்ஜெட் இல்லை என்பவரிடம் ரேட்டைத் தொடாமல் வேலையைக் குறைக்கலாம்: தினமும் பார்க்கும் ஈமெயிலை வாரம் மூன்று நாளாக. அதற்கும் ஒத்துவராதவர் ஆறு மாதம் கழித்து ரேட்டை ஏற்றித் தருவார் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.