எண்ணெய்க்கு மசியாத வழுக்கை

ஹெல்மெட்டும் உப்புத் தண்ணீரும்தான் ஆண்களின் வழுக்கைக்குக் காரணம், எண்ணெய் தேய்த்து ரத்த ஓட்டத்தைப் பெருக்கினால் முடி மறுபடி முளைக்கும் என்று அடித்துப் பேசுகிறார்கள். சரி, அதே தண்ணீரில் நனைந்து, அதே ஹெல்மெட்டுக்குள் வேகும் பிடரி முடி மட்டும் ஏன் கொட்டுவதில்லை?

பதில் முடிவேரில் இருக்கிறது. பரம்பரை வாகு உள்ளவர்களுக்கு முன்தலை, உச்சந்தலை வேர்கள் விரை சுரக்கும் ஆண் ஹார்மோனிலிருந்து உருவாகும் டிஹெச்டி ஹார்மோனைத் தாங்குவதில்லை. வளரும் காலம் சுருங்கி, ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து பூனைமயிராகிறது. பருவமடையும் முன் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு இந்த வழுக்கை விழுவதில்லை என்று ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இலேயே எழுதிவிட்டார். பின்தலை முடியை வழுக்கையில் நட்டால் அங்கும் செழிக்கும் என்று 1959இல் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் காட்டினார். ரத்த ஓட்டம்தான் குறை என்றால் அந்த நடவு பட்டுப்போயிருக்க வேண்டாமா?

மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு ஆகிய மருந்துகள் மெலிந்த வேரைத் தேற்றலாம். நிறுத்தினால் பலனும் போய்விடும். பல வருடமாகப் பளபளக்கும் இடத்தில் அவற்றாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. எண்ணெய் இருக்கிற முடியை மினுக்கும், அவ்வளவுதான். முடி மெலியத் தொடங்கும்போதே தோல் மருத்துவரைப் பாருங்கள். எண்ணெய் வியாபாரியை அல்ல.