வானத்துக்கு எத்தனை விண்ணப்பம்!

ஆங்கில தேசத்தார் தங்களுடைய இலையுதிர் காலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். இலை பொன்னிறமாகுமாம், பிறகு செந்நிறமாகுமாம், பிறகு விழுமாம். புதியம்புத்தூரில் குடியிருக்கும் எனக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. எங்கள் கரிசல் காட்டில் கண்ணுக்கு எட்டிய மட்டும் நிற்கும் சீமைக்கருவேல மரம், எந்தக் காலத்திலும் முள்ளைத் தவிர வேறெதையும் தாராளமாகக் கொடுத்ததில்லை. ஆயினும் எங்களுக்கும் ஒரு பருவம் இருக்கத்தான் செய்கிறது. ஆனியிலும் ஆடியிலும் புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டிய மேல்காற்று ஓயத் தொடங்கியிருக்கும். ஐப்பசி மாதத்துக் கிழக்கு மேகம் இன்னும் திரண்டிராது. இரண்டுக்கும் நடுவில், அடுத்தபடி என்ன செய்யலாம் என்று வானம் யோசித்துக் கொண்டிருப்பது போல் சில நாட்கள் கழியும். அதுதான் புரட்டாசி.

அந்த நாட்களில் எங்கேயாவது போய் வர வேண்டும் என்பது என் மனைவியின் பதினெட்டு வருஷத்துக் கோரிக்கை. இவ்வருஷம் மனு அங்கீகரிக்கப்பட்டது. மூன்று நாள் பிரயாணம்; தூத்துக்குடிக்குப் போய்க் கடலோரமாகவே கன்னியாகுமரி, அங்கிருந்து மலையடிவாரமாகவே செங்கோட்டை, பிறகு கழுகுமலை, எட்டயபுரம் வழியாக வீடு. வண்டியை ஓட்டும் பொறுப்பை அவள் ஏற்றுக் கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பயப்படும் பொறுப்பு எனக்கு.

ஊரை விட்டுக் கிளம்பும்போது இரு பக்கத்துப் புஞ்சைகளிலும் புழுதி விதைப்பு நடந்து கொண்டிருந்தது. பட்டணத்து நேயர்களுக்காகச் சொல்கிறேன்: மழை பெய்த பிறகு விதைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நீங்கள் நினைக்கலாம். கரிசல் மண் நனைந்துவிட்டால் களிம்பு மாதிரி; மாட்டின் காலையும் விடாது, டிராக்டரின் சக்கரத்தையும் விடாது. ஆகையால் காய்ந்த மண்ணிலேயே மக்காச்சோளத்தையும் உளுந்தையும் பாசியையும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். மழை சீக்கிரம் வந்தால் விதை முளைக்கும். தாமதித்தால் எறும்புக்கும் குருவிக்கும் விருந்து. அரைகுறையாகத் தூறிவிட்டு நின்றாலோ முளைத்தது கருகிப் போகும். இதற்கு விவசாயம் என்று பெயர் வைத்தவர் பெரிய மனசு படைத்தவராக இருக்க வேண்டும்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெயரை வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அண்டை ஊரான ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்தவர் அவர். கண்மாயில் தண்ணீரைக் காண்பதே திருவிழாவாக இருந்த சீமையில் பிறந்த ஒரு வக்கீல், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. கம்பெனியை நசுக்குவதற்குச் சர்க்கார் செய்த வேலைகளும், 1908-இல் அவருக்கு விதித்த தண்டனையும், கோயமுத்தூர்ச் சிறையின் செக்கும் நம் நேயர்களுக்குத் தெரியாதவை அல்ல.

துறைமுகத்தைத் தாண்டினால் உப்பளங்கள். தை, மாசியில் தொடங்கிய உப்பு வாருதல் புரட்டாசியோடு முடியப் போகிறது. வெள்ளை அம்பாரங்களின் மேல் தார்ப்பாயையும் பனையோலையையும் போட்டு மூடிக் கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினோம். பாத்தியில் பலகை போட்டு இழுத்துக் கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்துக் கரைக்கு வந்தாள். வெண்மையான உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண்ணை இடுக்கி இடுக்கியே அவள் முகத்தில் நிரந்தரமாக ஒரு சுளிப்பு விழுந்திருந்தது.

"அக்கா, மழை எப்போது வரும் என்கிறார்கள்?" என்று என் மனைவி பேச்சை ஆரம்பித்தாள்.

"வராமல் இருக்கட்டும் தாயீ! இன்னும் ஒரு பத்து நாள் வெயில் அடித்தால் இந்தப் பாத்தியெல்லாம் வாரிவிடலாம். மழை விழுந்த அன்றோடு எங்களுக்கு வேலை போச்சு. அப்புறம் தை மாசம்தான்."

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது இங்கேதான். அதை வாருகிற குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கும் ஏற்பாடு சில வருஷங்களுக்கு முன்பு வந்திருக்கிறது. நல்ல காரியம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்கு அதைப் பங்கு போட்டுப் பார்க்கும் வேலையை, வீட்டுக் கணக்கு எழுதும் நம் நேயர்களிடமே விட்டுவிடுகிறேன்.

வண்டி கிளம்பிய பிறகு என் மனைவி வெகு நேரம் பேசவில்லை. அது வழக்கத்துக்கு விரோதமானதால் நான் சற்றுக் கவலைப்பட்டேன். முக்காணி வந்ததும், "காலையில் விதைத்துக் கொண்டிருந்தவர் மழை வேண்டும் என்றார். இவள் வேண்டாம் என்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவே இருபது மைல்கூட இல்லையே! வானம் யார் பேச்சைக் கேட்கும்?" என்றாள்.

யார் பேச்சையும் கேட்காமல் அது நடந்து கொண்டதும் உண்டு. தூத்துக்குடி ஜில்லாவில் வருஷம் முழுவதற்கும் பெய்யும் மழை சுமார் 65 சென்டிமீட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிவிட்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. முக்காணிப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால், இந்தத் தாமிரவருணியா அப்படிச் செய்தது என்று தோன்றுகிறது. அவ்வளவு சாதுவாகப் புன்னைக்காயலை நோக்கிப் போய்க் கொண்டிருந்தாள்.

புரட்டாசியில் கடற்கரைப் பிரயாணம் போவதைப் போன்ற தண்டனை வேறில்லை. வழி நெடுக மீன் மணம். வீட்டிலோ பெருமாள் விரதம். நான் மூக்கைப் பிடித்துக் கொண்டேன், துர்நாற்றத்துக்காக அல்ல. திருச்செந்தூரில் சுவாமி தரிசனம் முடித்துக் கொண்டு தெற்கே சென்றபோது, குலசேகரப்பட்டினத்துக்கு முன்பே சாலையில் காளி எதிர்ப்பட்டாள். எட்டுக் கைகளும் நீட்டிய நாக்கும் சடாமுடியுமாக மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருந்து வேடம் தரித்து, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிச் செலுத்துவது இந்தப் பக்கத்து வழக்கம். காளிக்குக் காணிக்கை போட்டுவிட்டு ஊரை விசாரித்தேன். விளாத்திகுளம் பக்கமாம். "ஆறு ஏக்கர் மக்காச்சோளம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், அண்ணாச்சி. அம்மன்தான் நனைக்க வேண்டும்" என்று காளி சொன்னாள், அல்லது சொன்னார்.

மணப்பாட்டு மணல் மேட்டின் மேல் நிற்கும் சிலுவைக் கோயில், உவரி, கூடங்குளம் எல்லாவற்றையும் கடந்து, அந்தி மயங்கும் நேரத்தில் கன்னியாகுமரி சேர்ந்தோம். கன்னியாகுமரியைப் பற்றி எழுதாதவர் இல்லை. நானும் எழுதப் போவதில்லை. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் என் மனைவி நடந்தாள். நான் கரையில் இருந்தே அதன் அழகை ரசித்தேன்.

மறுநாள் மலை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தலுக்கு வந்தால், ராட்சதப் பூக்களைப் போல் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள். அவற்றுக்கு வேண்டியது மழையும் அல்ல, வெயிலும் அல்ல. எங்கள் வீட்டுக்குள் புழுதி கொட்டும் அதே மேல்காற்று! பருவம் முடியும் சமயமாதலால் பாதி நின்றிருந்தன. மீதி சோம்பலாகச் சுழன்றன.

அங்கிருந்து வள்ளியூர், களக்காடு வழியாக வடக்கே வரும்போது இடது கைப்பக்கம் மலை கூடவே வருகிறது. இந்த மலைதான் எங்கள் வழக்கின் பிரதிவாதி. ஆனியிலும் ஆடியிலும் மேற்கே கடலிலிருந்து வரும் மேகத்தை மறித்து, தன் தலையிலேயே இறக்கிக் கொள்கிறது. மேகத்தின் தண்ணீர் மலைக்கு. வெறும் காற்று எங்களுக்கு. ஆனால் பிரதிவாதியை நேரில் பார்த்த பிறகு கோபம் நிற்பதில்லை. பாபநாசத்தில் படித்துறையில் இறங்கி முழங்காலளவு தண்ணீரில் நின்றால், அந்தக் குளிர்ச்சியில் வழக்கே மறந்து போகிறது.

அம்பாசமுத்திரத்துப் பக்கம் சில வயல்களில் கார் அறுவடை. சிலவற்றில் பிசானத்துக்கு நாற்றுப் பாவ ஏற்பாடு. சாலையோரத்தில் நெல்லைக் காயப் போட்டிருந்த பெரியவரிடமும் என் மனைவி தன் கேள்வியைப் போட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. "அணையிலே பெய்யட்டும் அம்மா, களத்திலே பெய்ய வேண்டாம்" என்றார். வானத்துக்கு இவ்வளவு தெளிவாக விலாசம் எழுதிக் கொடுத்தவர் வேறெவரும் இல்லை.

பொதிகையில் பிறந்து சுமார் 80 மைல் ஓடி, ஒரே ராஜ்யத்துக்குள்ளேயே கடலில் கலக்கும் நதி இது. எட்டு அணைக்கட்டுகள் இதை மறித்துக் கால்வாய்களுக்குத் திருப்புகின்றன. கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து புறப்படும் வடகால், தூத்துக்குடிக்கு அருகே கோரம்பள்ளம் குளத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து எங்கள் ஊர் சைக்கிளில் போய்வரக் கூடிய தூரம்தான். தண்ணீருக்கு அந்தச் சைக்கிள் கிடைக்கவில்லை. வெள்ளக் காலத்து உபரி நீரைத் தெற்கே சாத்தான்குளம், திசையன்விளைத் தேரிக்காட்டுக்குக் கொண்டு போக 2009-இல் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கி, 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். பதினாறு வருஷமானாலும் முடித்தது பெரிது. தெற்கத்தியார் நன்றாக இருக்கட்டும். ஆனால் 2023-இல் கண்ணெதிரே கடலுக்குப் போன தண்ணீரை நினைக்கும்போது, வடக்கே வறண்டு கிடக்கும் கண்மாய்களில் இரண்டொன்றையாவது தூர் எடுத்து ஆழப்படுத்தி, எங்கள் மேல் பெய்கிற மழையையாவது பிடித்து வைக்கலாமே என்ற எண்ணம் எழாமல் இருக்குமா? மேடான கரிசலுக்கு நதி ஏறி வருவது கடினம் என்பதை ஒப்புக் கொள்கிறேன். மழைக்கு அந்தக் கஷ்டம் இல்லையே!

தென்காசிக்குப் போகும் வழியில் கடயம். பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர். 1918-இல் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்த பாரதியார் இங்கே வந்துதான் சுமார் இரண்டு வருஷம் தங்கியிருந்தார். "எட்டயபுரத்து மாப்பிள்ளைக்குக்கூடப் பெண்டாட்டி ஊர்த் தண்ணீர்தான் வேண்டியிருந்தது" என்றாள் என் மனைவி. அவளுடைய பிறந்த ஊர் மலையடிவாரம் என்பதை நேயர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள்.

குற்றாலத்தில் சாரல் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. அருவி விழுந்து கொண்டிருந்தது. பார்ப்பதற்கு ஆள்தான் குறைவு. கடைக்காரர்கள் ஐப்பசி மழைக்குக் காத்திருந்தார்கள். செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலைக்கு முன்னால் சற்று நின்றோம். 1911 ஜூன் 17 அன்று இந்தக் குளிர்ந்த ஊரின் பிள்ளை, எங்கள் வெயிலுக்கு வந்து மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் மாய்த்துக் கொண்டான்.

மூன்றாம் நாள், சங்கரன்கோவிலைத் தாண்டியதும் பச்சை விலகிக் கறுப்புத் தொடங்கியது. கழுகுமலைப் பாறையில், பாண்டியர் காலத்துச் சிற்பிகள் குடைந்து முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயிலுக்கு மேலே ஏறி நின்றால், உழுது காய்ந்த கரிசல் அடிவானம் வரை தெரிகிறது. அதை அப்படி ஒரே பார்வையில் நான் முன்பு பார்த்ததில்லை. என் மனைவியும் தன் பிறந்த ஊரின் பெருமையைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தாள்.

எட்டயபுரம் தாண்டி ஓரிடத்தில் விதைப்பை முடித்துவிட்டு டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்த ஒருவர், எங்கள் வண்டியின் மேல் ஒட்டியிருந்த சேற்றைக் கண்டு எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, மேற்கே மழையா?"

"குற்றாலத்தில் லேசான தூறல்."

"அது போதாதே! ஒரு வாரத்துக்குள் இங்கே விழ வேண்டும். இல்லாவிட்டால் விதை எறும்புக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் கிழக்கே பார்த்தார்.

என் மனைவி ஸ்டியரிங்கின் மேல் விரலை ஊன்றி ஏதோ எண்ணினாள். "அந்த உப்பளத்து அக்கா பத்து நாள் கேட்டாள். அதில் மூன்று நாள் கழிந்துவிட்டது" என்றாள். பிறகு வண்டியை எடுத்தாள்.