பேய்க்கு விளக்கவுரை எதுக்குங்க?

'ஹெல் ஹவுஸ் எல்எல்சி' முதல் படம் (2015) பார்த்தீங்களா? பாழடைஞ்ச ஹோட்டல்ல டிக்கெட் வித்து பேய்வீடு நடத்துது ஒரு கோஷ்டி. திறப்பு நாள்லயே 15 பேர் சாவு. அதுல ஒரு கோமாளி பொம்மை. நடந்து காட்டாது, கேமரா அந்தப் பக்கம் போயிட்டு வந்தா இடம் மாறி நிக்கும். அவ்ளோதான்! அன்னிக்கு ராத்திரி தண்ணி குடிக்கக்கூட நான் எழுந்திருக்கல.

2018ல ரெண்டாம் பாகம். ஹோட்டல் முதலாளியே வந்து நின்னு, ஏன் எதுக்குன்னு லெக்சர் அடிக்கிறார். 2019ல மூணாவது, இன்னும் விளக்கம். எல்லாம் எடுத்தது அதே ஸ்டீஃபன் காக்னெட்டிதான்!

கண்டெடுத்த வீடியோன்னு சொல்ற படத்துக்கு, தெரியாத பாதிதான் முதலீடு. அதையும் சொல்லிட்டா மிச்சம் என்ன? பேய்வீடு நடத்துறவன் பாதியில லைட்டைப் போடுவானா சார்?