தாய்க்கு எந்த எழுத்தில் எழுதுகிறோம்?

பேச்சில் ஆங்கிலம் கலப்பதைப் பலரும் பலமுறை கண்டித்தாயிற்று. எழுத்தில் கலப்பதைக் குறித்து அந்த அளவு நாம் கவலைப்பட்டதுண்டா? கைப்பேசி வழியாக நாம் அன்றாடம் எழுதிக்கொள்ளும் செய்திகளைப் பாருங்கள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். அந்தப் பாதித் தமிழும் ஆங்கில எழுத்தில்! இதற்குத் 'தங்கிலீஷ்' என்று செல்லப்பெயர் வேறு. வசதிக்காக எழுதுகிறோம் என்கிறார்கள். யாருடைய வசதிக்காக என்பதே என் கேள்வி.

பிறமொழிச் சொல் எதுவும் தமிழில் நுழையக்கூடாது என்று நான் வாதிடவில்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வழங்கும் கட்டிங், ஓவர்லாக், செக்கிங் ஆகியவை தொழிலோடு வந்த சொற்கள். ஜன்னல், சாவி, அலமாரி ஆகியவை போர்த்துக்கீசியரிடமிருந்து வந்து நம் வீட்டுச் சொற்களாகிவிட்டன. நம் அனுப்பர்பாளையத்துப் பட்டறைகளில் பாத்திரமாகும் பித்தளையே செம்பும் துத்தநாகமும் கலந்ததுதானே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அக்கலப்பு அளவறிந்து, பயனறிந்து செய்யப்படுவது. நம் எழுத்துக் கலப்பில் அளவு ஏது? பயன் ஏது? பெயரில்லாத பொருளுக்குச் சொல்லைக் கடன் வாங்குவது வேறு. அன்புக்கும் நன்றிக்கும் துயருக்கும் கடன் வாங்குவது வேறு.

வரலாறும் நம்மைக் குற்றஞ்சாட்டுகிறது. 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் மறைக்கல்வி நூல் அச்சாயிற்று. தமிழ் அச்செழுத்துகள் அன்று இல்லாமையால் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்திலேயே அச்சிட்டார்கள். அதனோடு அமைதியடையாத ஹென்றிக்கஸ் அடிகளார், 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சேற்றினார். பதினாறே பக்கங்கள்! ஆயினும் முத்துக்குளித்துறை மக்கள் தங்கள் எழுத்திலேயே படிக்க வேண்டும் என்பதற்காக எத்தனை உழைப்பு! பின்னர் வந்த வீரமாமுனிவர், சுவடிகளில் வேறுபாடின்றி எழுதப்பட்ட எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்தறிய வழிசெய்தார். கடல்கடந்து வந்தவர்கள் நமக்காகத் தேடித்தந்த தெளிவை நாமே தூக்கியெறிந்துவிட்டு, மீண்டும் 1554-க்குத் திரும்புகிறோம். அவர்களுக்கு அச்செழுத்து இல்லை. நமக்கு என்ன இல்லை?

தமிழில் தட்டெழுதத் தெரியாது என்னும் சாக்கும் இனி எடுபடாது. 'தமிழ்99' விசைப்பலகையை 1999-லேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. இன்று கைப்பேசியிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. வாயால் சொன்னாலும் அது எழுதித் தருகிறது.

எழுத்து எதுவாயினும் பொருள் புரிந்தால் போதாதா என்பாரும் உளர். புரிகிறதா? களை, கலை, காலை, காளை ஆகிய நான்கையும் ஆங்கில எழுத்தில் பெரும்பாலோர் ஒரே விதமாகத்தான் எழுதுகின்றனர். படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊகிக்கவும் இயலாதவர் நிலை என்ன? வேலைக்காகத் திருப்பூர் வந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணைப் பெற்ற தாய் ஒருத்தியை எண்ணிப்பாருங்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். செபப் புத்தகத்தைத் தடையின்றி வாசிப்பவள். மகளிடமிருந்து வந்த செய்தியை மட்டும் அண்டை வீட்டுப் பிள்ளையிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்கா, படிச்சுச் சொல்லு கண்ணு" என்று கேட்கவேண்டியிருக்கிறது. எழுத்தறிந்த தாயை எழுத்தறியாதவள் ஆக்கியது யார்? மகளின் உடல்நலக் குறைவையும் சம்பளக் கவலையையும் அயலார் வாய்வழியே கேட்பதுதான் வசதியா?

துக்கச் செய்திக்கு நாம் அனுப்பும் மறுமொழியையும் எண்ணிப் பார்ப்போம். 'ஆர்.ஐ.பி.' என்னும் மூன்று எழுத்துகள்! அமைதியில் இளைப்பாறுக என்னும் இலத்தீன் மன்றாட்டின் சுருக்கம் அது என்பதை அறிவேன். ஆனால் அதை அனுப்பும் விரல் மன்றாடுகிறதா, கடமையைக் கழிக்கிறதா? கணவனை இழந்தவளுக்கு, "உங்கள் துயரில் நாங்களும் உடனிருக்கிறோம்" என்று தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அன்பர்களே, அலுவலகத்திற்கும் ஏற்றுமதிக்கும் ஆங்கிலம் வேண்டும். பிழையின்றிக் கற்போம், பிழையின்றி எழுதுவோம். இரண்டையும் சிதைத்து எழுதுவது இருமொழிப் புலமை ஆகாது. பெற்றோருக்கு, உடன்பிறந்தாருக்கு, துயருற்றோருக்கு எழுதும்போதாவது அவர்கள் தாமே படித்துக்கொள்ளும் எழுத்தில் எழுதுவோம். பெறுகிறவர் பிறர் துணையின்றிப் படிக்கமுடியாத கடிதம், எவ்வளவு அன்போடு எழுதப்பட்டிருந்தாலும், இன்னும் அவரிடம் போய்ச் சேராத கடிதமே.