மலைக்கும் கடலுக்கும் பூட்டா?

உல்லாசப் பிரயாணப் பத்திரிகைகளைப் புரட்டினால் இரண்டு படங்கள் தவறாமல் கண்ணில் படும். ஒன்று, மலைமேல் கண்ணாடி போல் கிடக்கும் ஏரி. மற்றொன்று, ஆள் நடமாட்டமே இல்லாத கடற்கரை. காலையில் கிளம்பி, ஏரிக்கரையில் கட்டுச்சோறு தின்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் நடந்தே திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டியிருப்பார்கள். எந்தச் செருப்பை மாட்டுவது, எந்தப் பையைத் தூக்குவது, எந்த ஓட்டலில் தங்குவது என்று பக்கம் பக்கமாக உபதேசம் இருக்கும். அந்த ஏரிக்குப் போகும் பாதை யாருடையது, அதை அடைத்தவர்கள் யார், சிறை சென்று அதைத் திறந்தவர்கள் யார் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இருக்காது.

ஏன் இந்த மௌனம் என்று நாம் கேட்கிறோம்.

மலை ஏறுவதும் கடற்கரையில் உலாவுவதும் சீமான்களின் பொழுதுபோக்கு, பாட்டாளிக்கு அங்கே என்ன வேலை என்று நினைப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். ஆறு நாள் ஆலைப் புகையை விழுங்கியவனுக்குத்தான் ஏழாவது நாள் மலைக்காற்று அவசியம். அந்தக் காற்றைக் கேட்டதற்காகத் தொழிலாளிகளைச் சிறையில் தள்ளிய சரித்திரம் இருக்கிறது.

கிண்டர் மேட்டில் நடந்தது

இங்கிலாந்தில் மான்செஸ்டர், ஷெப்பீல்டு என்ற இரண்டு ஆலை நகரங்களுக்கு நடுவே கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலம் இருக்கிறது. உயரம் 636 மீட்டர். அடிவாரத்தில் ஹேபீல்டு என்ற சிற்றூர். அதற்கு மேலே கிண்டர் நீர்த்தேக்கம். அதன் கரையைத் தாண்டி, ஓடை ஓடும் பள்ளத்தாக்கின் வழியே ஏறினால் மேட்டை அடையலாம். இன்று ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் ஏறி இறங்கும் நடை இது. ஆனால் 1932ல் அந்த ஓடைப் பாதையை விட்டு விலகி மேட்டில் கால் வைத்தால், வேட்டைக் காவலர்கள் தடியோடு வந்து விரட்டுவார்கள். அந்தப் பள்ளத்தாக்குப் பாதையே சும்மா வந்ததல்ல. பாதைப் பாதுகாப்புச் சங்கத்தார் வாதாடி 1897ல்தான் அது ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது.

மேடு எப்படிப் பிரபுக்களுடையதாயிற்று? வாளால் அல்ல, சட்டத்தால். 1604 முதல் 1914 வரை பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 5,200க்கும் அதிகமான வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. அவற்றால் அடைபட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். மாடு மேய்த்தவனும் விறகு பொறுக்கியவனும் பொது நிலத்தை இழந்தான். பிழைப்புத் தேடி ஆலைக்குப் போனான். அவனுடைய பேரன் ஞாயிற்றுக்கிழமையன்று, பாட்டன் மாடு மேய்த்த மேட்டைப் பார்க்க வந்தால் அதற்குப் பெயர் ‘அத்துமீறல்’!

அடைத்த நிலத்தில் பிரபுக்கள் பயிரிட்டார்களா? இல்லை. கிரவுஸ் என்ற காட்டுப் பறவையைச் சுட்டு விளையாடினார்கள். அதைச் சுடும் காலம் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரைதான். அதிலும் சில நாட்களே துப்பாக்கி வெடிக்கும். அந்தச் சில நாள் விளையாட்டுக்காக வருஷம் 365 நாளும் லட்சக்கணக்கான தொழிலாளிகளுக்கு மலை மூடிக் கிடந்தது.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. வேலையில்லாத் திண்டாட்டம் கோர தாண்டவமாடிய காலம். ஹேபீல்டு அருகே ஒரு கல் குவாரியில் சுமார் 400 பேர் கூடினார்கள். பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனம் அழைத்திருந்தது. பேசியவர் பென்னி ராத்மன், வயது 20, மோட்டார் மெக்கானிக், வாலிபக் கம்யூனிஸ்ட். புரட்சிப் பாட்டுக்களைப் பாடிக்கொண்டு, நீர்த்தேக்கத்தைக் கடந்து, பள்ளத்தாக்கின் சரிவில் ஏறினார்கள். காவலர்கள் தடுத்தார்கள், கைகலப்பு நேர்ந்தது, காவலர் ஒருவர் காயமடைந்தார். கூட்டம் மேட்டை அடைந்தது. ஷெப்பீல்டு பக்கமிருந்து ஏறி வந்த தோழர்களைச் சந்தித்து வாழ்த்திவிட்டுத் திரும்பியது. ஹேபீல்டில் போலீஸ் காத்திருந்தது.

அத்துமீறி நுழைவது அன்றைய ஆங்கிலச் சட்டப்படி கிரிமினல் குற்றமே அல்ல. ஆகவே கலகம் செய்தார்கள், தாக்கினார்கள் என்று வழக்குப் போட்டார்கள். டெர்பி நகரக் கோர்ட்டில் வழக்கை ஏற்றுக்கொண்ட பெரிய ஜூரியில் இருந்தவர்கள் யார் தெரியுமா? 2 பிரிகேடியர் ஜெனரல்கள், 3 கர்னல்கள், 2 மேஜர்கள், 3 காப்டன்கள், 2 நகரசபைப் பெரியவர்கள், 11 கிராமப்புறக் கனவான்கள். ஆலைத் தொழிலாளி ஒருவன்கூட இல்லை. ஆறு பேரில் ஐந்து பேருக்கு 2 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை. ராத்மனுக்கு 4 மாதம்.

மலை நடைச் சங்கங்களின் மிதவாதத் தலைவர்கள் அன்று என்ன செய்தார்கள்? ‘பிரபுக்களோடு பேசிப் பெற வேண்டியதைக் கெடுத்துவிட்டார்களே’ என்று இந்த வாலிபர்களைக் கைகழுவினார்கள். பேச்சு எவ்வளவு காலமாக நடந்துகொண்டிருந்தது? மலைகளைத் திறக்கக் கோரும் முதல் மசோதா பார்லிமெண்டுக்கு வந்தது 1884ல். அது தோற்றது. மீண்டும் மீண்டும் வந்தது. மீண்டும் மீண்டும் தோற்றது. கடைசியில் 1939ல் நிறைவேறியதோ, நிலப்பிரபுக்கள் வெட்டிச் சிதைத்த சட்டம். சில நிலைமைகளில் அத்துமீறுவதையே அது தண்டனைக்குரிய குற்றமாக்கியது! 55 வருஷ மனுவுக்குக் கிடைத்த கூலி இது.

சிறைத் தண்டனையோ ஜனங்களைத் தட்டி எழுப்பியது. அந்த வருஷமே வின்னட்ஸ் கணவாயில் சுமார் 10,000 பேர் கூடினார்கள். 1949ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951ல் கிண்டர் இருக்கும் பீக் மாவட்டமே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. ஒரு நாள் ஊர்வலம் மட்டுமே இதையெல்லாம் கொண்டுவந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஊர்வலம் இல்லாமல் மனு மட்டும் கொண்டுவரவில்லை என்றே சொல்கிறோம். 2002ல், 70வது ஆண்டு விழாவில், டெவன்ஷையர் டியூக் மேடையேறித் தம் பாட்டனார் செய்தது பெரும் தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்தக் கூட்டத்துக்கு ராத்மன் வரவில்லை. அதே வருஷம் ஜனவரியிலேயே அவர் காலமாகிவிட்டார்.

ஆயினும் போர் முடியவில்லை. 2000ம் வருஷச் சட்டம் சுதந்திரமாக நடக்கும் உரிமை தந்தது இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் 8 சதவீதத்தில் மட்டுமே. டார்ட்மூர் மேட்டில் கூடாரமடித்துத் தங்கும் உரிமை ஜனங்களுக்கு இல்லை என்று ஒரு நிதி முதலாளி வழக்காடி, 2023 ஜனவரியில் ஜெயித்தும் விட்டார். அந்தத் தீர்ப்பை அதே வருஷம் மேல் கோர்ட் ரத்துச் செய்தது. அவர் விடவில்லை, சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2025 மே மாதம் அங்கே தோற்றார்.

கடலுக்குப் போட்ட கதவு

மலையை விட்டுக் கடலுக்கு வருவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில், ஹாப் மூன் பே என்ற ஊருக்குத் தெற்கே மார்டின்ஸ் பீச் என்ற ஒதுங்கிய கடற்கரை உண்டு. செங்குத்தான பாறைகளுக்கு நடுவே பிறை போன்ற மணல். அதை அடைய ஒரே ஒரு சாலை. முந்திய சொந்தக்காரர்கள் வண்டி நிறுத்தச் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு, பல பத்தாண்டுகள் ஜனங்களை அனுமதித்து வந்தார்கள். மீன் பிடிக்கவும் அலை விளையாடவும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

2008ல் வினோத் கோஸ்லா என்ற கோடீஸ்வரர் அந்த நிலத்தை 3 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கினார். இந்தியாவில் பிறந்து, டில்லி ஐ.ஐ.டி.யில் படித்து, கம்ப்யூட்டர் கம்பெனியும் முதலீட்டுத் தொழிலும் நடத்திப் பணம் குவித்தவர். சில காலத்துக்குள் சாலைக் கதவு பூட்டப்பட்டது, காவலாட்கள் நின்றார்கள். 2012ல் கதவைத் தாண்டிப் போன அலைச்சறுக்கு வாலிபர் ஐவர் கைதானார்கள்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கலிபோர்னியாவில் அலை வந்து நனைக்கும் மணல் எவனுக்கும் சொந்தமல்ல. அது பொதுச் சொத்து. 1976ம் வருஷக் கடற்கரைச் சட்டமும் ஜனங்களின் உரிமையைக் காக்கிறது. ஆனால் மணலுக்குப் போகும் சாலை தனியார் கையில்! கடல் உங்களுடையது, போகும் வழி மட்டும் என்னுடையது என்கிறான் முதலாளி. கிணறு ஊருக்குப் பொது, கயிறும் வாளியும் எனக்கு என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வழியைத் திறக்க வேண்டுமானால் 3 கோடி டாலர் கொடு என்று அரசாங்கத்திடம் பேரம் பேசப்பட்டது. ஏறக்குறைய நிலம் முழுவதையும் வாங்கிய விலை! 2014லும் 2017லும் ராஜ்யக் கோர்ட்டுகள் அனுமதியின்றிக் கதவை மூடியது செல்லாது என்றன. 2018 அக்டோபரில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அவருடைய மனுவை விசாரிக்கவே மறுத்தது. 2020ல் ராஜ்ய அரசாங்கம் மறுபடி வழக்குப் போட வேண்டியிருந்தது. பத்து வருஷத்துக்கும் மேலாக ஜனங்கள் கோர்ட் வாசலில் நின்றார்கள், அலையில் கால் நனைப்பதற்காக!

அவர்கள் சொல்லும் நியாயம்

‘ஜனங்களை விட்டால் குப்பை போடுவார்கள், இயற்கை அழிந்துவிடும்’ என்கிறார்கள் சொத்துடையோர். கிண்டர் மேட்டையே சாட்சிக்கு அழைப்போம். அங்கே கரிச்சேற்று நிலம் வெடித்து அரித்துப் போயிருந்தது. நடந்தவர்களின் கால்களும் ஓரளவு தேய்த்தன, மறுக்கவில்லை. ஆனால் முக்கியமான காரணங்கள் என்ன? ஆலை முதலாளிகள் நூறு வருஷத்துக்கு மேல் கக்கிய அமிலப் புகை, அளவுக்கு மீறிய ஆட்டு மேய்ச்சல், தீ. 1982ல் அந்த மேடு நேஷனல் டிரஸ்ட் என்ற பொது ஸ்தாபனத்தின் கைக்கு வந்தது. அதன் பின்புதான் நீரோடைகளைத் தடுத்து, பாசி நட்டு, சேற்று நிலத்தைக் காப்பாற்றும் வேலை நடந்தது. காத்தது பூட்டா, பொது முயற்சியா?

உரிமை என்றால் ஒழுங்கு வேண்டாம் என்பதல்ல. நார்வே நாட்டில் 1957ம் வருஷச் சட்டப்படி, பயிரிடாத நிலம் யாருடையதானாலும் எவரும் நடக்கலாம், குளிக்கலாம். கூடாரமடிப்பவன் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். போகும்போது இடத்தைச் சுத்தமாக விட்டுப் போக வேண்டும். ஸ்காட்லாந்தும் 2003ல் இவ்வித உரிமையைச் சட்டமாக்கியது. நார்வேயின் ஏரிகள் வற்றிவிட்டனவா? ஸ்காட்லாந்தின் மலைகள் தேய்ந்துவிட்டனவா?

பொழுதும் வேண்டும்

பாதை திறந்தால் போதாது; நடக்க ஒரு நாள் வேண்டும். 1936 ஜூனில் பிரான்சில் சுமார் 20 லட்சம் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலைகளையே கைப்பற்றி உட்கார்ந்தார்கள். மக்கள் முன்னணி சர்க்கார் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. குறைந்த கட்டண ரயில் சீட்டும் தந்தது. அந்தக் கோடையில்தான் எத்தனையோ தொழிலாளிக் குடும்பங்கள் வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைக் கண்டன. அமெரிக்காவிலோ சம்பளத்தோடு விடுமுறை தரும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்தும் தேசியச் சட்டம் இன்றும் கிடையாது.

நமக்கென்ன?

இது வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். கிண்டரை அடைத்த அதே பிரிட்டிஷ் ஆட்சிதான் 1882ல் சென்னை வனச் சட்டம் கொண்டுவந்து, நம் மலைவாழ் மக்களைச் சொந்தக் காட்டிலேயே அத்துமீறியவர்களாக்கியது. இடதுசாரிகள் பார்லிமெண்டிலும் வெளியிலும் போராடியதன் பின், 2006ல்தான் வன உரிமைச் சட்டம் வந்தது. மலை ஏறப் போகும் வாலிபர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நாம் விருந்தாளி, அங்கே வாழ்கிறவன்தான் வீட்டுக்காரன். கடற்கரையிலும் அப்படியே. நமக்கு உலாவும் இடம் மீனவனுக்குப் பட்டறை. ஜன நெருக்கமுள்ள கிராமப்புறக் கடற்கரைகளில், அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்ற தடையை 2019ல் மத்திய சர்க்கார் 50 மீட்டராகச் சுருக்கியது. யாருக்காக? வலை உலர்த்துகிறவனுக்காகவா, உல்லாச விடுதி கட்டுகிறவனுக்காகவா?

நம் நாட்டு ஞாயிறும் போராடிப் பெற்றதே. லோகாண்டே தலைமையில் பம்பாய் மில் தொழிலாளிகள் 1890ல் அதை வென்றார்கள். இன்று சோற்றுப் பொட்டலம் சுமந்து வீடு வீடாக ஓடும் வாலிபனுக்கு, வண்டியை எடுக்காத நாள் கூலியில்லாத நாள். அவனுக்கு எந்த ஏரி, எந்தக் கரை?

ஆகவே நாம் கோருவது மூன்று. மலைக்கும் கடலுக்கும் போகும் வழி பொதுவாக இருக்க வேண்டும். அங்கே உழைத்து வாழும் மக்களின் உரிமை முதலில் நிற்க வேண்டும். உழைப்பவன் ஒவ்வொருவனுக்கும் கூலியோடு ஓய்வு நாள் வேண்டும்.

மலை ஏறுங்கள், தோழர்களே! கடலில் காலை நனையுங்கள்! எங்கேனும் பூட்டிய கதவைக் கண்டால், தலை குனிந்து திரும்பாதீர்கள். பூட்டியவன் யார் என்று ஊரறியக் கேளுங்கள். பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். கிண்டர் மேட்டில் கதவு திறந்தது அப்படித்தான்.