வண்டிக்கு எஃப்.சி. உண்டு, ஓட்டுநருக்கு?

நம் உடையார்பாளையம் வட்டாரத்து மளிகைக் கடைகளுக்குச் சரக்கு வந்து சேருவது பெரும்பாலும் குட்டி யானை போன்ற சிறு வண்டிகளில்தான். திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கோ கும்பகோணத்துக்கோ விடியுமுன் புறப்பட்டு, சிமெண்ட் லாரிகள் ஓடும் சாலையில் பாரத்தோடு திரும்பி வருகிறார் ஓட்டுநர். அரிசி மூட்டைக்கு எடை பார்க்கிறோம்; எண்ணெய் டின்னுக்குக் கசிவு பார்க்கிறோம். அவருக்குக் கண் பார்வை எப்படி என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகன உரிமம் கேட்பவர் படிவம் 1-ஏ-யில் டாக்டர் சான்று தரவேண்டும். சிவப்பு, பச்சை நிறம் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் அதில் பார்ப்பார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போதும் அதே சான்று வேண்டும்.

ஆனால், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக வாகன உரிமத்தோடே ஓட்டலாம் என்று 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதை உறுதி செய்தது. இனி "பேட்ஜ் இல்லை" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவ முடியாது. சிறு வணிகர்களுக்கு இது நல்ல தீர்ப்பே. ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. இருபத்தைந்து வயதில் அந்த உரிமம் எடுப்பவர், தாமே எழுதித் தரும் உறுதிமொழியோடு நாற்பது வயது வரை டாக்டரிடம் போகாமலே வண்டி ஓட்டலாம். சட்டம் கேட்காததை நாம் கேட்கவேண்டும் என்பதே என் கருத்து.

காப்பீட்டிலும் கவனம் வேண்டும். கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு நம் சரக்குக்கு ஈடு தராது; அதற்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். சம்பள ஓட்டுநருக்கும், சரக்கோடு வரும் உரிமையாளர் அல்லது அவருடைய ஆளுக்கும் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தெரிந்தவர் என்று வழியில் ஏற்றிக்கொள்ளும் ஆளுக்கு அது கிடையாது. 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. கடைக்காரரே தம் வண்டியை ஓட்டினால் ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. உரிமம் காலாவதியாகி இருந்தால் அதுவும் கைக்கு வராது.

"சோதனையில் குறை தெரிந்தால் பிழைப்புப் போய்விடுமே" என்று ஓட்டுநர் அஞ்சுவது நியாயம்தான். அந்த அச்சத்தைப் போக்க வேண்டியவர்கள் நாம். பல குறைகள் ஒரு மூக்குக் கண்ணாடியோடு தீர்ந்துவிடும். அதன் செலவைக் கடையே ஏற்கட்டும். சிகிச்சை தேவைப்பட்டால், குணமாகும் வரை அதே சம்பளத்தில் கடை வேலை கொடுப்போம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இலவசமாகவே பரிசோதனை செய்துகொள்ளலாம்.

நம் சங்கம் ஆண்டுக்கு ஒரு நாள் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். அன்றே உரிமம், காப்பீடு இரண்டின் தேதிகளையும் சரிபார்த்துக் கொள்ளலாம். வண்டிக்கு எஃப்.சி. காட்டத் தவறாத நாம், அதை ஓட்டுகிறவரை மறந்துவிடலாகாது. உறுப்பினர்கள் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறேன்.