மாப்பிள்ளையின் நாற்பது புள்ளிகள்

மாப்பிள்ளையைக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்புகிறது என்றால் நமக்குத் தலைகால் புரிவதில்லை. ஊறுகாய் எத்தனை பாட்டில், பருப்புப் பொடி எத்தனை கிலோ என்று கணக்குப் போடுகிறோம். சகோதரிகளே, இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்களேன்!

அங்கே சம்பளத்தில் நூற்றுக்கு 6.2 வீதம் 'சோஷியல் செக்யூரிட்டி' என்று பிடிக்கிறார்கள். கம்பெனியும் அவ்வளவே கட்டுகிறது. வயதான காலத்துப் பென்ஷனுக்காகத்தான். ஆனால், வருஷத்துக்கு 4 புள்ளி வீதம் 40 புள்ளி சேர்ந்தால்தான் பென்ஷன். அதாவது, பத்து வருஷ உழைப்பு.

எங்கள் எதிர் வீட்டுப் பிள்ளை, தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒன்பதாவது வருஷத்தோடு திரும்பிவிட்டான். 36 புள்ளி! "பிடித்ததையாவது திருப்பித் தருவார்களோ?" என்று அவன் தாயார் கேட்டாள். தரமாட்டார்கள், அம்மா. இங்குள்ள சம்பளப் பட்டியலிலும் பெயர் இருந்தால், பிராவிடண்டு பண்டுக்கும் பிடித்தம் உண்டு. ஒரே முதுமைக்கு இரண்டு உண்டியல். ஒன்றின் சாவி கைக்கு வருவதில்லை.

எல்லாத் தேசமும் இப்படியில்லை. பெல்ஜியத்துடன் நம் சர்க்கார் செய்த உடன்படிக்கை 2009-லும், ஜப்பானுடன் செய்தது 2016-லும் அமலுக்கு வந்தன. கம்பெனியே அனுப்புகிறது என்றால், புறப்படுமுன் பிராவிடண்டு பண்டு ஆபீஸில் ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளலாம். அதைக் காட்டினால் ஜப்பானில் 5 வருஷம் வரை அந்த ஊர்ப் பென்ஷனுக்குப் பிடிக்கமாட்டார்கள். அமெரிக்காவுடன் அப்படி உடன்படிக்கை கிடையாது.

நம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பென்ஷனுக்கும் பத்து வருஷக் கணக்குத்தான். பிரசவத்துக்காக ஆறாவது வருஷத்தில் வேலையை விடுகிற பெண், கையோடு பென்ஷன் பணத்தையும் வாங்கி வளையல் செய்துகொண்டால் அந்த ஆறு வருஷமும் போயிற்று. வாங்காமல் 'ஸ்கீம் சர்டிபிகேட்' கேட்டு வைத்துக்கொண்டால், பின்னால் வேறு கம்பெனியில் சேரும்போது பழைய வருஷங்களும் கூடவே வரும். கல்யாணமானதும் வாரிசு நியமனத்தைப் புதிதாக எழுதவும் மறக்கக்கூடாது. அம்மா பெயரில் எழுதியதை அப்படியே விட்டுவைத்தவர்கள் எத்தனையோ பேர்.

எதிர் வீட்டம்மாளிடம், "சேர்த்த புள்ளி அழியாது, இன்னும் 4 தான் பாக்கி" என்று சொன்னேன். "அப்படியானால் இன்னும் ஒரே வருஷம் அனுப்பி வைக்கட்டுமா?" என்றாள். உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மருமகள் சட்டென்று நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.